மர்ம நாவல்களோடு ஒரு மாதம்: காத்திருந்து படிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மாதம் முழுவதும் த்ரில்லர்களையும் சஸ்பென்ஸ் நாவல்களையும் மட்டுமே படிப்பது என்று நான் முதன்முறை முடிவு செய்தபோது, 11 நாட்களில் 5 நாவல்களை முடித்துவிட்டு, ஆறாவதை 40ஆம் பக்கத்தில் மூடி வைத்தேன். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்கு அந்த வகைப் புத்தகம் எதையும் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. இன்று யோசித்துப் பார்த்தால், அந்த ஐந்தில் இரண்டின் கதையை மட்டுமே என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிகிறது. மற்ற மூன்றும் ஒன்றோடொன்று கலந்துபோய், ஒரு நாவலின் கொலைகாரனை இன்னொரு நாவலின் மாடிப்படியில் நிறுத்தி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தவறு புத்தகங்களில் இல்லை. ஐந்தும் ஒரே வார்ப்பில் வந்தவை: முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசி அத்தியாயத்தில் திருப்பம், நடுவில் ஓட்டம். நானும் அந்தத் திருப்பத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். இந்த வகை எழுத்தின் சுகம் விடை தெரிவதில் இருப்பதைவிட, விடைக்காகக் காத்திருப்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் காத்திருப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்கானவை.

முதல் படி: எந்தக் கேள்விக்காகப் படிக்கிறோம் என்று பிரித்துக்கொள்வது

கடைகளும் பட்டியல்களும் எல்லாவற்றையும் ‘த்ரில்லர்’ என்ற ஒரே பெயரில் அடுக்கிவிடுகின்றன. படிப்பவருக்கு அந்தப் பெயர் அதிகம் உதவாது. ஒரு நாவல் நம்மை எந்தக் கேள்வியால் இழுக்கிறது என்பதே உதவும். ‘யார் செய்தது?’ என்று கேட்க வைப்பது துப்பறியும் நாவல். ‘இனி என்ன ஆகும்?’ என்று கேட்க வைப்பது துரத்தலும் ஆபத்தும் நிறைந்த த்ரில்லர். ‘இந்த மனிதர் எப்படி இந்த நிலைக்கு வந்தார், இன்னும் எவ்வளவு தூரம் போவார்?’ என்று கேட்க வைப்பது உளவியல் சஸ்பென்ஸ். ஒரே நாவல் மூன்றையும் கேட்கலாம்தான். ஆனாலும் ஏதோ ஒன்று மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளியிருக்கும்.

இவற்றில் முதல் வகைக்குத் தொடக்கப் புள்ளியாக வழக்கமாகச் சொல்லப்படுவது, எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட ஒரு சிறுகதை. பூட்டிய அறைக்குள் நடந்த கொலை, தர்க்கத்தால் அதை விடுவிக்கும் ஒரு மனிதர், அவருடைய திறமையை வியந்து நமக்குக் கதை சொல்லும் ஒரு நண்பர் என்று, பின்னால் வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்ட பெரும்பாலான சாமான்கள் அந்த ஒரு கதையிலேயே இருந்தன.

திடீர் அதிர்ச்சிக்கும் சஸ்பென்சுக்கும் உள்ள வேறுபாட்டைத் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் ஓர் உதாரணத்தால் விளக்கினார். அந்த உரையாடல் 1966இல் நூலாகவும் வந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியிலிருந்த வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்ப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடப் பதைப்பாக மாறிவிடுகிறது. ‘பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள்’ என்று நாம் உள்ளுக்குள் கத்துகிறோம். சஸ்பென்ஸ் என்றால் ஆசிரியர் எதையோ மறைத்து வைத்திருப்பது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பல நேரங்களில் அவர் நம்மிடம் சொல்லிவிடுவதால்தான் அது பிறக்கிறது.

இதன் எல்லை வரை போய்ப் பார்த்த நாவல் ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’. பிரெஞ்சு அதிபர் ஷார்ல் தெ கோலைக் கொல்ல 1963இல் அமர்த்தப்படும் ஒரு கூலிக் கொலையாளியின் கதை அது. தெ கோல் எவராலும் சுட்டுக் கொல்லப்படவில்லை என்பதும், 1970 நவம்பரில் தம் வீட்டில்தான் இறந்தார் என்பதும் அன்றைய வாசகர் அனைவருக்கும் தெரியும். அதாவது, கொலையாளி தோற்பான் என்ற முடிவு முதல் பக்கத்திற்கு முன்பே நம் கையில் இருக்கிறது. இருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. போலிப் பாஸ்போர்ட் எப்படிக் கிடைக்கிறது, துப்பாக்கி எப்படிச் செய்யப்படுகிறது, காவல் துறை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று, ‘எப்படி’ என்ற ஒரே சொல்லில் அந்த நாவல் நின்றுவிடுகிறது. ‘முடிவு தெரிந்துவிட்டால் போச்சு’ என்று நினைப்பவர்கள் மாதத்தில் ஒருமுறையாவது இத்தகைய நாவல் ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: கணக்குப் போடுவது

இன்பத்திற்காகப் படிப்பதற்குக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். கணக்கில்லாமல் தொடங்கியதால்தான் நான் 11 நாட்களில் 5 நாவல்களை விழுங்கினேன். வழக்கமாகப் படிக்கும் நேரத்தில், வழக்கமான வேகத்தில், 20 நிமிடம் படித்து எத்தனை பக்கம் கடந்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பிறருடைய வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

எனக்கு 20 நிமிடத்தில் 12 பக்கம் நகர்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்திற்கு 36 பக்கம். நாளொன்றுக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் 27 பக்கம். 30 நாளில் 3 நாட்களை இடைவெளியாக விட்டுவிட்டால், 27 நாட்களில் 729 பக்கங்கள் ஆகின்றன. ஆக, 200 பக்க நாவல்கள் இரண்டும், 300 பக்க நாவல் ஒன்றும் மாதத்திற்குத் தாராளமாகப் போதும். மூன்றே மூன்று புத்தகங்களா என்று முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மாத முடிவில் அந்த மூன்றின் கதையையும் பாத்திரப் பெயர்களோடு சொல்ல முடியும்போது அந்த ஏமாற்றம் இருக்காது. நேரம் மிஞ்சினால் மர்மச் சிறுகதைகள் இருக்கவே இருக்கின்றன.

மூன்றாம் படி: வரிசையை அமைப்பது

முதல் 8 நாட்களுக்குத் துப்பறியும் நாவலை வைத்துக்கொள்ளுங்கள். தடயங்களையும் நேரங்களையும் பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளும் வேலையை அந்த வகைதான் அதிகம் கேட்கும். மாதத் தொடக்கத்தில்தான் கவனம் கூர்மையாக இருக்கும். ஒன்பதாம் நாள் ஓய்வு. பத்தாம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை உளவியல் சஸ்பென்ஸ். துப்பறியும் நாவலில் குற்றவாளிக்கு எதிர்ப்பக்கம் நின்று பழகிய மனது, இங்கே குற்றவாளியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டியிருக்கும். பட்ரிசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய ‘தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி’ இந்த வகைக்கு நல்ல நுழைவாயில். கொலை செய்தவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் கவலைப்படத் தொடங்கும் இடம் ஒன்று அதில் வரும். அது எந்தப் பக்கத்தில் உங்களுக்கு நேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு நாள் இடைவெளி. 20ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரையிலான 11 நாட்களும் பெரிய துரத்தல் நாவலுக்கு. மாதக் கடைசியில் கவனம் தளர்ந்திருந்தாலும் இந்த வகை தன் வேகத்திலேயே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். இதைத் தலைகீழாகச் செய்து, துரத்தலை முதலில் படித்தால், அதன் பின் வரும் எந்த மெதுவான நாவலும் நொண்டுவதுபோலத் தோன்றும். நான் அப்படித்தான் ஒரு நல்ல உளவியல் நாவலை அநியாயமாகப் பாதியில் கைவிட்டேன்.

தொடர் நாயகர்கள் வரும் நாவல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 14 புத்தகங்களில் வரும் துப்பறிவாளர் நான்காவது புத்தகத்தில் சாகப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். அவர் கிணற்றில் தொங்கினாலும் நம் இதயம் அதிகம் துடிக்காது. ‘யார் செய்தது’ வகைக்கு அது இடைஞ்சல் இல்லை. ‘என்ன ஆகும்’ வகைக்குத் தனித்து நிற்கும் நாவலே மேல்.

நான்காம் படி: தெரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுப்பது

பின்னட்டையின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் படிக்காதீர்கள். மூன்றாவது வாக்கியத்தில், நூறாம் பக்கத்தில் நிகழும் மரணத்தைச் சாதாரணமாகப் போட்டு உடைத்த பின்னட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். மறுபதிப்புகளின் முன்னுரைகள் பெரும்பாலும் கதையை ஏற்கெனவே அறிந்தவருக்காக எழுதப்பட்டவை. ‘எதிர்பாராத திருப்பம்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதும் ஒருவகையில் காட்டிக்கொடுப்பதுதான், ஏனென்றால் அதன் பிறகு நாம் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். 1926இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முடிவு நியாயமானதா, மோசடியா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. அதன் பெயரைச் சொன்னாலே பாதி சொன்னதாகிவிடும் என்பதால் இங்கே சொல்லவில்லை.

முடிவு தெரிந்தால் சுவை குறையாது, சிறிது கூடவே செய்யும் என்று 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இருவர் சிறுகதைகளை வைத்துச் செய்த சோதனையில் கண்டார்கள். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொடுத்த கதைகளுக்கு வாசகர்கள் சற்று அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் முடியும் சிறுகதை வேறு. 8 நாள் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் நாவல் வேறு. முடிவை அறிந்து படிக்கும் இன்பம் மறுவாசிப்பில் எப்படியும் கிடைக்கப் போகிறது. அறியாமல் படிக்கும் இன்பம் ஒரே ஒருமுறைதான்.

ஐந்தாம் படி: எங்கே நிறுத்துவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள்.

த்ரில்லர்களின் அத்தியாயங்கள் நம்மை நிறுத்தவிடாமல் செய்வதற்காகவே வெட்டப்பட்டவை. இந்தப் பழக்கத்தின் வேர் தொடர்கதையில் இருக்கிறது. வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி வுமன் இன் வைட்’, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை வாரம் ஒரு பகுதியாக வந்தது. அடுத்த வார இதழை வாசகர் வாங்க வேண்டுமானால், இந்த வாரப் பகுதி ஒரு கதவு திறக்கும் இடத்தில் நின்றாக வேண்டும். ‘தொடரும்’ என்ற சொல்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: அன்றைய வாசகர் ஒரு வாரம் காத்திருந்தே ஆக வேண்டும், நம் கையில் முழுப் புத்தகமும் இருக்கிறது. கதவு திறக்கும் இடத்தில் பக்கத்தைப் புரட்டுவோம், அடுத்த அத்தியாயத்தின் முடிவில் இன்னொரு கதவு திறக்கும், மணி இரண்டாகிவிடும். அந்த நேரத்தில் படித்தவை காலையில் நினைவில் நிற்பதில்லை. ஆசிரியர் ஆறு மாதம் உழைத்து வைத்த தடயம் ஒன்றை நாம் அரைத்தூக்கத்தில் தாண்டிப் போயிருப்போம்.

ஆகவே அத்தியாயத்தின் நடுவில், ஏதாவது ஒரு பத்தி அமைதியாக முடியும் இடத்தில் நிறுத்துங்கள். பாத்திரம் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறார், அல்லது ரயிலில் சன்னலோரம் உட்கார்கிறார். அங்கே அடையாளச் சீட்டை வையுங்கள். அத்தியாய முடிவின் கொக்கி நாளைய வாசிப்பின் நடுவில் வரும். அதைத் தாண்டி நான்கைந்து பக்கம் படித்த பிறகே நிறுத்துவதால், அது நம்மைத் தூங்கவிடாமல் செய்யாது, ஆனால் நாள் முழுவதும் மனதின் ஓரத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல்தான் வேண்டும். முதல் மூன்று நாள் இது கொடுமையாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் படி: ஒரு துண்டுச் சீட்டு

துப்பறியும் நாவலுக்கு மட்டும் அஞ்சலட்டை அளவில் ஒரு சீட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கத்தில் பெயர்கள்: யார், யாருக்கு என்ன உறவு, முதலில் வந்த பக்க எண். மொழிபெயர்ப்பு நாவலில், ஒரே மனிதரை ஓரிடத்தில் குடும்பப் பெயராலும் வேறோரிடத்தில் செல்லப் பெயராலும் அழைக்கும்போது, இந்தச் சீட்டு இல்லாமல் கரையேறுவது கடினம். மறுபக்கத்தில், பாதிப் புத்தகம் கடந்ததும், உங்கள் ஊகத்தை ஒரே வரியில் காரணத்தோடு எழுதி, புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் செருகிவிடுங்கள். காரணம் இல்லாத ஊகம் செல்லாது. ‘இவனைப் பார்த்தாலே சந்தேகமாக இருக்கிறது’ என்பது காரணமல்ல.

ஊகிப்பதற்கு உதவியாக ஒரு பழைய விதித்தொகுப்பு இருக்கிறது. துப்பறியும் கதைகளும் எழுதிய கத்தோலிக்கப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ், 1929இல் இந்த வகைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பது முதல் விதி. துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகரின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்பது இன்னொன்று. அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறீர்கள் என்றால், நூற்றைம்பதாம் பக்கத்தில் புதிதாக வரும் முரட்டு ஆசாமியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் அத்தியாயத்தில் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டவரைக் கவனியுங்கள். இன்றைய ஆசிரியர்கள் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஆனால் வாசகருக்கு விதிகள் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதை வைத்தே அவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

பழைய புத்தகமாக வாங்கிய நாவல் ஒன்றின் 12ஆம் பக்கத்தில் முன்பு படித்தவர் யாரோ ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. இருந்தும் தொடர்ந்து படித்தேன். 97ஆம் பக்கத்தில் இன்னொரு வட்டம்: ‘இல்லை, இவள்’. 160இல் மூன்றாவது வட்டம், வெறும் கேள்விக்குறியோடு. அதற்குப் பிறகு பென்சில் வரவே இல்லை. மூன்றுமே தவறு. முகம் தெரியாத அந்த வாசகரோடு சேர்ந்து ஏமாந்ததைப் போல ஒரு நல்ல வாசிப்பு அந்த ஆண்டில் எனக்கு வேறு அமையவில்லை. அன்றிலிருந்து, முடிந்தால் நண்பர் ஒருவரோடு ஒரே நாவலை ஒரே வாரத்தில் படித்து, ஊகச் சீட்டுகளைக் கடைசியில் மாற்றிக்கொள்கிறேன்.

ஏழாம் படி: கடைசிக் கால்பங்கு

ஐந்தாம் படியில் சொன்ன கட்டுப்பாட்டைக் கடைசிக் கால்பங்கில் தளர்த்திவிடலாம். 200 பக்க நாவலில் அது 50 பக்கம், என் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 300 பக்க நாவலில் 75 பக்கம், இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். அதை ஒரே அமர்வில், பகலில், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படியுங்கள். முடிச்சுகள் அவிழும் பகுதியைத் துண்டு துண்டாகப் படித்தால், எந்தத் தடயம் எங்கே போய்ப் பொருந்தியது என்ற கணக்கு நழுவிவிடும்.

அச்சுப் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு. வலது கையில் இன்னும் 80 பக்கம் கனக்கும்போது ஒருவர் பிடிபட்டால், அவர் குற்றவாளி அல்லர் என்பது கட்டை விரலுக்கே தெரிந்துவிடுகிறது. மின்னூலிலும் ‘71%’ என்ற எண் அதே வேலையைச் செய்யும். ஆனால் அங்கே அந்த எண்ணை மறைக்கும் வசதி உண்டு, மறைத்துவிடுங்கள். ஒலிநூலில் பின்னோக்கிப் புரட்டுவது எளிதல்ல என்பதால், பெயர்கள் நிறைந்த துப்பறியும் நாவலுக்கு அது ஏற்றதல்ல. தன்மையில் சொல்லப்படும் உளவியல் நாவலுக்கு அது மிகப் பொருத்தம்: பொய் சொல்லக்கூடிய ஒருவரின் குரலை நேரடியாகக் காதில் கேட்பது தனி அனுபவம்.

எட்டாம் படி: கைவிடுவதற்கு ஓர் எல்லை

50 பக்கம் கடந்தும் ஒரு கேள்விகூட மனதில் எழவில்லை என்றால் புத்தகத்தை மாற்றிவிடலாம். சித்திரவதை விவரணைகள் தொந்தரவு செய்தால் 50 பக்கம்கூடப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரத்தம் அதிகம் தெறிப்பதால் சஸ்பென்ஸ் கூடுவதில்லை.

ஒன்பதாம் படி: முடித்தவுடன் முதல் அத்தியாயம்

கடைசிப் பக்கத்தை முடித்ததும் புத்தகத்தை அலமாரியில் வைக்காமல், முதல் அத்தியாயத்தை உடனே மறுபடி படியுங்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். விடை தெரிந்த கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் வேறாகத் தெரியும். விருந்தாளி கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தது, மனைவி ‘நேற்று’ என்று சொல்ல வந்து ‘போன வாரம்’ என்று மாற்றிக்கொண்டது, தோட்டக்காரரின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் பேச்சை நகர்த்தியது என்று, எல்லாம் வெளிச்சத்திலேயே கிடந்திருக்கும். ஆசிரியர் நேர்மையானவரா, கடைசி நேரத்தில் முயலைத் தொப்பிக்குள் போட்டவரா என்பதற்கும் இந்த ஒரு சோதனை போதும். ஊகச் சீட்டை வெளியே எடுக்க வேண்டியதும் இப்போதுதான்.

அன்றைய தினம் அடுத்த நாவலைத் தொடங்க வேண்டாம். 3 இடைவெளி நாட்களும் இதற்காகத்தான் ஒதுக்கப்பட்டன. சீட்டின் கீழ்ப்பகுதியில் தேதியையும், எந்தப் பக்கத்தில் ஏமாந்தீர்கள் என்பதையும் குறித்து, அதைப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அந்தப் புத்தகம் அடுத்து யார் கைக்குப் போனாலும், பென்சில் வட்டங்கள் மட்டும் அதிலேயே இருக்கலாம், தவறானவையாக இருக்கும் பட்சத்தில்.